கத்தரிக்கோலை மறுபடி எடுத்தேன்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கைவினைப் போட்டிக்குப் பரிசு வழங்குமுன் சில வார்த்தை பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் பெரிய கலைஞர் அல்ல. பயிற்சிக் கல்லூரியில் கைவினையையும் ஒரு பாடமாகப் படித்துச் சான்றிதழ் பெற்ற சாதாரண ஆசிரியை. ஆனால் பழகிய கைவேலை கையை விட்டுப் போனால் என்ன ஆகும், அதை எப்படித் திரும்ப அழைப்பது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள். இந்த மலரைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து படிக்கும் உங்களுக்கும் அது பயன்படலாம்.

என் தாயார் இதே ஜோகூர் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால், வேலை முடிந்து வந்து லயத்து வாசலில் உட்கார்ந்து கலர்த்தாளை நான்காக, எட்டாக மடிப்பார். கத்தரிக்கோல் நாலு இடத்தில் கடிக்கும். பிரித்தால் பூ! மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, சணல் கயிற்றில் ஒட்டித் தோரணம் கட்டுவோம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாது. ஆனால் ஒரு தாளைப் பார்த்தவுடனே அதற்குள் எத்தனை பூ இருக்கிறது என்று தெரியும்.

அந்தக் கைதான் எனக்கும் வந்தது. ஆசிரியையான புதிதில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என் வகுப்புப் பிள்ளைகள் வாழ்த்து அட்டை செய்யாத ஆண்டே இல்லை. பிறகு என்ன நடந்தது? உண்மையைச் சொல்கிறேன். யுபிஎஸ்ஆர் தேர்வு நெருங்க நெருங்க, ஓவியப் பாட வேளையை நானே எடுத்து மாதிரித் தாள் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 2021இல் அந்தத் தேர்வே நீக்கப்பட்டது. பாட வேளை திரும்பி வந்தது. என் கை திரும்பி வரவில்லை.

உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றாது. கைத்தொலைபேசியைத் திறந்தால் உலகத்தில் உள்ள அழகான அட்டைகள் எல்லாம் வரும். அவற்றைப் பார்க்கப் பார்க்க ஆசை கூடவில்லை. நாம் எதற்கு என்கிற சலிப்புத்தான் கூடியது. பளபளக்கும் தாள், ரிப்பன், ஒட்டுப்படம் என்று கடையில் வாங்கி வாங்கி அலமாரியை நிறைத்தேன். அலமாரி நிறைந்தது, மனம் நிறையவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவர் பால்மரத்தைத்தான் எடுத்துச் சொன்னார். "காய்ஞ்ச மரத்தப் போட்டு வெட்டிக்கிட்டே இருந்தா பால் வருமா? ஓய்வு விடணும். ஆனா அப்படியே விட்டுட்டாலும் வராதும்மா. மறுபடி உளியப் பிடிக்கிறப்ப லேசா, மெல்லிசா சீவணும்" என்றார். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு இது தெரியும். அளவு மீறி வெட்டிய மரத்தில் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். நானோ மரத்தை வெட்டவும் இல்லை, அதற்கு ஓய்வு கொடுத்ததாகவும் இல்லை. பக்கத்தில் நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், தீபாவளிக்கு முந்தின வாரம், பள்ளி விட்ட பிறகு வந்து நின்றான்.

"டீச்சர், ஒரு தாள் தர்றீங்களா? அப்பாவுக்குக் கார்டு செய்யணும்."

அவனுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜோகூர் கடற்பாலத்தைக் கடந்து போனால், பையன் தூங்கிய பிறகுதான் திரும்புவார். 1924இல் திறந்த அந்தப் பாலம், நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அப்பாவைக் கொண்டுபோகும் வழியாகவும் கொண்டுவரும் வழியாகவும் இருக்கிறது.

"போன்ல அனுப்பலாமே, தம்பி?" என்றேன்.

"போன்லதான் தினமும் பேசுறோம் டீச்சர். இது கையில குடுக்கணும்."

என் அலமாரிச் சாவியோ அன்று வீட்டில். மேசையில் கிடந்தது பழைய மாதிரித் தேர்வுத்தாள் ஒன்றும், மொக்கைக் கத்தரிக்கோலும்தான். தாளின் பின்பக்கம் வெள்ளை. இரண்டாக மடித்தேன். மடிப்பில் இரண்டு வெட்டு, ஒரே நீளத்தில். அந்தத் துண்டை உள்பக்கமாகத் தள்ளிவிட்டு அட்டையைத் திறந்தால், நடுவில் ஒரு படி எழுந்து நிற்கும். வேறொன்றும் எனக்கு நினைவு வரவில்லை. பையன் கண்ணை விரித்து, "பாலம் மாதிரி இருக்கு டீச்சர்!" என்றான். அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிளை வெட்டி ஒட்டினான். ஒட்டியதைப் பிய்த்துத் திருப்பி ஒட்டினான். ஏன் என்று கேட்டேன். "இப்பத்தான் வீட்டுக்கு வர்ற பக்கம்" என்றான்.

அன்று இரவு அட்டையை அப்பாவின் ஹெல்மெட்டுக்குள் வைத்தானாம். இரண்டு நாள் கழித்து, "அப்பா ஒண்ணுமே சொல்லல" என்று முகம் வாடி வந்தான். அதற்கு மறுநாள் ஓடி வந்தான். அவனுடைய பள்ளிக் காலணிக்குள் ஒரு பழுப்புத்தாள், சாப்பாடு பொட்டலம் கட்டுகிற தாள், மடித்து வைத்திருந்ததாம். பிரித்துக் காட்டினான். கோணல்மாணலாக வெட்டிய ஒரு பூ. எழுத்து ஒன்றும் இல்லை. அந்தப் பூவைப் பார்த்த இரவு நானும் கத்தரிக்கோலை எடுத்தேன்.

பிள்ளைகளே, இதிலிருந்து நான் கற்ற பாடம் இதுதான். கற்பனை வரட்டும், பிறகு கையை வைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கை முதலில் போகட்டும், கற்பனை பின்னால் வரும். இறைக்கிற கிணறுதான் ஊறும்.

பிரான்சு நாட்டு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941இல் தம் 71ஆம் வயதில் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். அதன்பின் பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியுமாகத்தான் வாழ்ந்தார். உதவியாளர்கள் தாளுக்கு வண்ணம் பூசித் தர, அவர் கத்தரிக்கோலால் வெட்டிப் படம் அமைத்தார். 1947இல் அந்தத் தாள் வேலைகள் 'ஜாஸ்' என்ற நூலாக வந்தன. 1953இல் அவர் செய்த 'நத்தை', ஒன்பது அடிக்கு மேல் உயரமும் அகலமும் கொண்டது. இன்று லண்டன் டேட் கலைக்கூடத்தின் உடைமை. அதுவும் வெட்டி ஒட்டிய வண்ணத்தாள்தான்!

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் சட்டைப்பையில் உள்ள ஒரு ரிங்கிட் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அதில் இருப்பது வாவ் பட்டம். மூங்கிலைச் சீவிக் கட்டி, தாளில் பூவும் கொடியும் வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. அதன் இரண்டு சிறகும் ஒத்து அமையாவிட்டால் பட்டம் ஒரு பக்கம் சாயும். நம் வாசல் கோலமும் அதே கணக்குத்தான். கோலம் போடத் தெரிந்த அம்மா வீட்டில் இருக்கும்போது, மாதிரி தேடி எங்கே போக வேண்டும்?

சலிப்பு வந்தவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். முதலில், யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். பிறகு என்ன என்பது தானே வரும். அடுத்து, ஒரே ஒரு தாள், இரண்டே நிறம் என்று கட்டுப்பாடு வையுங்கள். தாளை இரண்டு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அப்படி மடித்தால் மடிப்பு நேராக விழும். தடித்த அட்டையானால், மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டிக் கோடு கீறிவிட்டு மடியுங்கள். கெட்டுப்போனதைக் கசக்கி எறியாதீர்கள். நாளைக்கு அதன் ஓரத்தில் ஓர் இலை கிடைக்கும்.

பெற்றோர்களே, பிள்ளை ஓர் அட்டையை நீட்டினால், "இதுக்குத்தான் நேரமா?" என்று கேட்டுவிடாதீர்கள். பதிலுக்கு நீங்களும் ஒன்று வெட்டிக் கொடுங்கள். கோணலாக இருந்தால் பரவாயில்லை.

நான் மறுபடி வெட்டிய முதல் பூவை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது அவர் விரல்கள் மடங்காது. வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நடுவுல இன்னும் ஒரு வெட்டு வேணும்" என்றார்.

அந்த ஒரு வெட்டைத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். பரிசு பெறுபவர்களுக்கு என் வாழ்த்து. பெறாதவர்களுக்கு என் மேசையில் எப்போதும் ஒரு தாள் இருக்கும்.