பிரம்பும் பாட்டும்



பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவைப் பற்றிய கண்காட்சி, 2017ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடைபெற்றது. 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். யாமும் அந்நெரிசலில் தோளோடு தோள் உராய நகர்ந்தோம். கிதார்களையும் மேடை ஒலிக்கருவிகளையும் கூட்டம் மொய்த்து நின்றது. ஆசிரியர்களாகிய எம்மைத் தடுத்து நிறுத்தியவையோ இரண்டு சிறு பொருள்கள்: ஒரு பிரம்பு, ஒரு தண்டனைப் பதிவேடு.

அவை கேம்பிரிட்ஜ் நகர ஆண்கள் பள்ளியொன்றில் 1950களில் வழங்கியவை. குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ரோஜர் வாட்டர்சும் சிட் பாரெட்டும் அங்குப் பயின்றவர்கள். பள்ளிநாளின் கசப்பை வாட்டர்ஸ் 1979இல் வெளிவந்த 'தி வால்' இசைத்தொகுப்பில் பாடலாக்கினார். மாணவரை இகழும் ஆசிரியர் அதில் ஒரு பாத்திரம். காற்றடைத்த அவருடைய பேருருவமும் கண்காட்சியில் நின்றது.

இச்செய்திக்கு மறுபக்கமும் உண்டு. பள்ளியைச் சாடும் அப்பாடலில் ஒலிக்கும் இளங்குரல்கள் இலண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்களுடையவை. அவர்களைப் பாட வைத்தவர் அப்பள்ளியின் இசையாசிரியரே! ஒருவர் ஓங்கிய பிரம்பு பாட்டில் வடுவாயிற்று; மற்றொருவர் திறந்த கதவு அதே பாட்டில் குரலாயிற்று.

நம் வகுப்பறைகளிலும் இவ்விரு வழிகளும் உள்ளன. தமிழ்ப் பாடவேளை நம் மாணவர் நெஞ்சில் வடுவாக எஞ்சுமா, குரலாக எழுமா? அதனை முடிவுசெய்வது நாம் இன்று கையில் எடுப்பதுவே.