இலைமேல் குடியிருக்கும் பூசணம்

திருத்தணி மலையிலிருந்து கீழே பாருங்க. சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் லாரியும் பஸ்ஸும் ஓய்வதே இல்லை. அந்த டீசல் புகையில் ஒரு பங்கு சாலையோரப் பயிரின் மேலேதான் படிகிறது. இலையின் மேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. புகைக்கரியின் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டிக்கொண்டால் மழைக்கும் லேசில் போகாது. அந்தப் பசையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களும் இருக்கின்றன.

இதைத் தின்னவும் ஆள் இருக்கிறது. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தார், 2010-க்குப் பிறகு, கொழும்பு நகரச் சாலையோரங்களிலும் சப்புகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலும் இலைகளைப் பறித்து ஆராய்ந்தார்கள். புகையிலுள்ள நாப்தலீன் போன்றவற்றை உடைக்கும் பூசணங்கள் அந்த இலைகளிலேயே இருந்தன. நாப்தலீன் வேறொன்றுமில்லை, துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டைதான். குப்பைக்குழியில் வைக்கோல் மக்குவது போலத்தான் இதுவும். பூசணம் தன் நொதிகளால் அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து இரையாக்கிக்கொள்கிறது.

“அப்படியானால் அந்தப் பூசணத்தை வாங்கித் தெளித்துவிடலாமா?” என்று கேட்பீங்க. வேண்டாம். இது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேதான் இருக்கிறது. எண்ணெய்ப் பசையை உடைக்கும் பூசணங்களில் ஆஸ்பர்ஜில்லஸ் இனமும் உண்டு. நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்குவதும் அதே இனத்தில் ஒன்றுதான். நல்லது கெட்டது பிரிக்காமல் வயலில் விடலாமா? மேலும், ஈயம் போன்ற உலோகத்தை எந்தப் பூசணமும் உடைத்து இல்லாமல் செய்ய முடியாது.

நாம் செய்யக்கூடியது இவைதான்:

ஒன்று, சிபாரிசு இல்லாமல் வாடிக்கையாகப் பூசணக்கொல்லி அடிக்காதீங்க. நோய்ப் பூசணத்தோடு நல்லதும் சாகும்.

இரண்டு, சாலையோர வரப்பில் நொச்சி, ஆடாதோடை வைத்து உயிர்வேலி போடுங்க. கீரை, கொத்தமல்லியை உள்வயலில் விதையுங்க.

மூன்று, கரும்புச் சோகையைக் கொளுத்தாதீங்க. அந்தப் புகையிலும் இதே பொருள்கள் உண்டு. சோகையைப் பாரிடையில் மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் நிற்கும்.

நான்கு, நெல்லையும் கடலையையும் தார்ச் சாலையில் காயவைக்காதீங்க. களத்துமேட்டில் தார்ப்பாய் விரித்துக் காயவையுங்க.

ஐந்து, வீட்டுக்கு எடுக்கும் கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்க.

பூசணம் தின்று தீர்க்க நாள் பிடிக்கும். முளைக்கீரையோ 25 நாளில் சந்தைக்குப் போய்விடும். ஆகையால் பூசணம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல், இந்த ஐந்தையும் கடைப்பிடியுங்கள். அதைத் தின்னப் போவது நம் வீட்டுப் பிள்ளைகளும்தான்.