மலையில்லா ஊரார் ஏறிய மலை

நமது குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்ற பெயர்தான் உண்டு. மலை நிலத்துக்கு உரியவன் சேயோன் என்கிறது தொல்காப்பியம். நாமோ அவனை நல்லூரின் மணல் வீதியில் வழிபட்டு வருகிறோம்.

1980களிலிருந்து நம்மவர் பலர் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ துறைமுக நகரில் குடியேறினர். வீட்டு வேலையும் முதியோரைப் பராமரிக்கும் வேலையுமே பெரும்பாலும் கிடைத்தன. பலாறோ சந்தையில் மீனும் கத்தரிக்காயும் உண்டு; விலை பேசும் மொழியும் நாளடைவில் வந்துவிடும். மனம் ஆறுவதற்கு எங்கே போவது?

நகரின் அருகே பெல்லெக்ரீனோ மலை. அங்குள்ள குகைக்கோயில் புனித ரொசாலியாவுக்கு உரியது. 1624இல் நகரை வாட்டிய கொள்ளைநோயை நீக்கியவர் அவரே என்பது பலெர்மோ மக்களின் நம்பிக்கை. சைவர்களான நம்மவரும் அம்மலைக்கு ஏறுகின்றனர். வெறுங்காலுடன் ஏறுவோரும் உளர்.

என் பழைய மாணவர் ஒருவர் அங்கிருந்து தொலைபேசியில் கேட்டார்: "சேர், மகளுக்குச் சுகமில்லாதபோது அந்தக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டேன். பிழையோ?"

மாணவரின் பிழைகளைத் திருத்தியே பழகிய எனக்கு உடனே விடை வரவில்லை. பின்பு என் தாயாரின் நினைவு வந்தது. நல்லூர்க் கந்தனை ஒருநாளும் மறவாத அவர், எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டபோது மடு மாதாவுக்கும் நேர்ந்தவர்.

"பிழையில்லைத் தம்பி. மகளையும் கூட்டிக்கொண்டு போய் நேர்த்தியை நிறைவேற்றும்" என்றேன்.

நேயர்களே, பிழைப்புக்காகப் போன ஊர் பிழைப்பூராகவே இருந்துவிடலாம். பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட ஊர், அன்றே நம்முடைய ஊருமாகிவிடுகிறது.