திரை வந்துவிட்டது, வாத்தியார் எங்கே?

ஆசிரியத் தோழர்களே, பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே! ஒரே அறிக்கையில் இரண்டு கணக்கு வந்திருக்கிறது. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25 யுடைஸ் பிளஸ் அறிக்கையைச் சொல்கிறேன். கணினி வசதி உள்ள பள்ளிகள் ஓராண்டில் 57.2 விழுக்காட்டிலிருந்து 64.7 ஆகிவிட்டன, இணைய வசதி 53.9லிருந்து 63.5 ஆகிவிட்டது. நல்ல சேதி, வரவேற்கிறேன். அதே அறிக்கையைப் புரட்டினால், ஒரே ஒரு ஆசிரியரை வைத்து நடக்கும் பள்ளிகள் 1,04,125 என்று இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் மேல். முதல் கணக்குக்கு விளம்பரம் நடக்கிறது. இரண்டாவது கணக்குக்கு வெட்கப்படக்கூட ஆளில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை என்ன சொல்கிறது? ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். இது நம் சங்கத்தின் கோரிக்கை அல்ல, நாடாளுமன்றம் போட்ட சட்டம்! ஓராசிரியர் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றிலும் காலை மணி அடிக்கும்போதே சட்டம் மீறப்படுகிறது. அந்த வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'க'வுக்குத் துணைக்கால் போட்டுவிட்டு, சரிதானா என்று சிலேட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஐந்தாம் வகுப்புப் பெண் பின்னக் கழித்தலில் பகுதியையும் சேர்த்துக் கழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியரோ வருகைப் பதிவுக்காகக் கையில் போனை வைத்துக்கொண்டு, திரையில் சுற்றுகிற வட்டம் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தொழில்நுட்பம் அவருக்கு ஒரு கையைக் கூட்டித் தந்திருக்க வேண்டும். இருந்த இரண்டு கையில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது!

எதிர்த்தரப்பு சொல்வது இவ்வளவுதான்: ஊருக்கு வாத்தியார் வராவிட்டால் என்ன, செயலி வரும், பட்டனைத் தட்டு, பாடம் கொட்டும். ஏட்டுச் சுரைக்காயே கறிக்கு உதவாது என்று கண்டவர்கள் நாம். திரைச் சுரைக்காயைக் கொண்டுவந்து இவர்கள் பந்தி விரிக்கிறார்கள்! பெரு நாட்டில் இதைச் செய்தே பார்த்தார்கள். 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்று லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. கணினியைத் தொடும் வாய்ப்பு பெருகியது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. பெட்டி போய்ச் சேர்ந்தது, பாடம் போய்ச் சேரவில்லை.

உடனே எழுந்து, நீ அறிவியலுக்கு எதிரியா என்பார்கள். இல்லவே இல்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் கண்கூடாக முன்னேறினார்கள். காரணம், அந்த மென்பொருள் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை நாலாம் வகுப்புக் கணக்கில் நிற்கிறதா என்று கண்டுபிடித்து, அங்கிருந்தே தொடங்கியது. ஆனால் அந்த 90 நிமிட வகுப்பில் மென்பொருளுக்குப் பாதி நேரம்தான். மீதி 45 நிமிடம் சிறு குழுவாக உட்கார வைத்து ஒரு மனிதர் சொல்லிக்கொடுத்தார். வெற்றியைக் காட்டும்போது அந்த மனிதரை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிடுகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம். நம் தமிழ்நாட்டுக்கே வாருங்கள். கொரோனா முடக்கத்தில் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் பாடமும் ஓடின. அப்படியும் கிராமத்துப் பிள்ளைகள் மிகவும் பின்தங்கிப் போனதை 2021 டிசம்பரில் எடுத்த அளவீடு காட்டியது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அப்படி மீண்டதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களால் வந்தது என்று ஆய்வு கணக்கிட்டது. மாலையில் தெருவுக்கு வந்து, பாய் விரித்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்த பெண்கள் அவர்கள். எந்தச் செயலியும் அந்தப் பாயை விரிக்கவில்லை.

நாட்டில் ஆசிரியர் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டிவிட்டது, பிறகென்ன குறை என்று கேட்கிறார்கள். சென்னையில் பெய்த மழையை ராமநாதபுரத்துக் கண்மாய்க் கணக்கில் எழுதுவார்களா? நகரத்துப் பள்ளியில் இருக்கிற ஆசிரியர் மலைக்கிராமத்துச் சிலேட்டைத் திருத்தமாட்டார். திரை வேண்டும், இணையமும் வேண்டும். ஆனால் இரண்டாவது ஆசிரியர் பள்ளியில் கையெழுத்துப் போட்ட பிறகு, அவர் கையில் அது வேண்டும். காலிப் பணியிடத்தை மூடுகிற திரையாக வேண்டவே வேண்டாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், தாய்மார்களே. நம் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது என்று சொன்னால், நன்றி சொல்லுங்கள். இரண்டாவது ஆசிரியர் என்றைக்கு வருகிறார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற தேதியைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.