அச்சத்தின் முட்கள்

தமிழில் நினைவு குடியிருக்கும் இடம் நெஞ்சு. காதல், பிரிவு, துயர், ஏக்கம் யாவற்றையும் கவிஞர் நெஞ்சிலேயே வைத்தனர். மூளை என்ற சொல்லோ வசைமொழிக்குப் பயன்பட்ட அளவுக்குக் கவிதைக்குப் பயன்படவில்லை. ஆகவே, பத்தாண்டுகளாகக் கவிதையையே பேசிவரும் ஓர் அவையில் மூளையின் உயிரணுவைப் பற்றி ஓர் உரை நிகழ்வது சற்றே புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் இதில் கவிஞருக்குரிய வினா ஒன்று அடங்கியுள்ளது. மனிதன் பட்டது அவன் உடம்பில் ஓர் உருவமாகத் தங்குமா? துயரம் ஆறும் என்கிறோம். அச்சமும் அவ்வாறே ஆறுமா? பெங்களூரில் ஓர் ஆய்வாளர் இவ்வினாவுக்கு நரம்பணுவின் வடிவத்திலேயே விடை தேடினார். அவ்விடையை விளங்கிக்கொள்ள, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சமையலறையிலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே அப்பியாத்தெகிராசோ என்னும் சிற்றூரில், தீரா நோயாளர்க்கான மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார் கமில்லோ கோல்கி. ஆய்வுக்கூடம் இல்லை, சமையலறை ஒன்றையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். மூளைத் துண்டுகளைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்துப் பின் வெள்ளி நைட்ரேட்டில் இட்டபோது, மஞ்சள் பின்புலத்தில் நரம்பணுக்கள் கருமையாகத் தோன்றின. 1873இல் அம்முறையை வெளியிட்டார். அதன் சிறப்பு அது காட்டியதில் மட்டுமன்று, காட்டாமல் விட்டதிலும் இருக்கிறது. நூறு அணுக்களில் ஒரு சிலவற்றை மட்டுமே அச்சாயம் பற்றும். எல்லாவற்றையும் பற்றியிருந்தால் கிளையோடு கிளை பின்னிய புதர்க்காடாகவே மூளை தெரிந்திருக்கும். காட்டை மறைத்து ஒரு மரத்தை மட்டும் வேர் முதல் நுனி வரை காட்டியது அக்கருநிறம். ஏன் சிலவற்றை மட்டும் பற்றுகிறது என்பதற்கு இன்றளவும் முழுமையான விளக்கம் இல்லை.

அம்முறையைக் கையாண்டு கோல்கியையே மறுத்தவர் ஸ்பெயின் நாட்டுச் சான்டியாகோ ரமோன் இ கஹால். இளமையில் ஓவியராக விரும்பியவரைத் தந்தை மருத்துவத்துக்கு இழுத்து வந்தார். 1887இல் மாட்ரிட் நகரில் கோல்கி முறையில் அமைந்த மூளைச் சீவலைக் கண்டார். 1888இல் பார்சலோனாவில் தம் முதற் கண்டுபிடிப்புகளை வெளியிட்டார். நரம்பெல்லாம் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என்றார் கோல்கி. ஒவ்வோர் அணுவும் தனித்தது, தொடாமலே அடுத்ததோடு பேசுவது என்றார் கஹால். இருவருக்கும் 1906இல் ஒரே நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மேடையில் நின்று கோல்கி கஹாலின் கொள்கையை எதிர்த்தே உரையாற்றினார். பரிசு பெற்ற இருவர் ஒரே மேடையில் முரண்படுவது இலக்கிய உலகுக்கு மட்டும் உரியதன்று போலும்!

அணுவின் கிளைகளை டெண்டிரைட் என்பர். மரம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. அக்கிளைகளின்மேல் நுண்ணிய துருத்தல்களைக் கஹால் கண்டு, முள் என்றே பெயரிட்டார். பிறர் அவற்றைச் சாயத்தின் கசடு என ஒதுக்கினர். அவர் வேறொரு சாயத்தாலும் சோதித்து, அவை உண்மை என நிறுவினார். ஓர் அணு மற்றோர் அணுவிடமிருந்து செய்தியைப் பெறும் வாயில்கள் அம்முட்களே என்பது 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் உறுதிப்பட்டது. ரோஜாவின் முள் காவலுக்கு; நரம்பணுவின் முள்ளோ வரவேற்புக்கு.

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி தம் குழுவினருடன் எடுத்துக்கொண்டது இம்மரங்களையும் முட்களையுமே. நீண்ட மன அழுத்தம் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் அணுக்கிளைகளைச் சுருக்கும் என்பதை அமெரிக்காவின் புரூஸ் மெக்யூவன் முதலியோர் 1990களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தனர். எது, எங்கே, எப்போது நிகழ்ந்தது என்பதைப் பதிந்துவைக்கும் பகுதி அது. அமிக்டலா என்னும் வாதுமை வடிவப் பகுதியோ எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைக் கற்கும் இடம். அங்கே என்ன நிகழ்கிறது? எலிகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் அசையவொட்டாமல் கட்டிவைத்தனர்; பத்து நாட்கள் அவ்வாறு செய்தனர். பின்னர் கோல்கியின் அதே கருஞ்சாயத்தால் பார்த்தபோது ஹிப்போகேம்பஸில் கிளைகள் குறுகியிருந்தன. அமிக்டலாவிலோ அவை நீண்டு தழைத்திருந்தன. 2002இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரே துன்பம் ஓரிடத்தில் இலையுதிர்க்கிறது, மற்றோரிடத்தில் உரமாகிறது.

அதனினும் கூர்மையானது 2004இல் வெளிவந்த முடிவு. துன்புறுத்தலை நிறுத்தி, எலிகளை 21 நாட்கள் அமைதியாக விட்டனர். ஹிப்போகேம்பஸின் கிளைகள் மீண்டும் வளர்ந்து பழைய அளவை எய்தின. அமிக்டலாவின் கிளைகளோ சுருங்கவில்லை, அச்சமும் குறையவில்லை. அச்சத்தை அளக்க அவர்கள் கொண்ட கருவி எளியது. தரையிலிருந்து உயர்த்தி நிறுத்திய கூட்டல் குறி வடிவப் பலகை. எதிரெதிரான இரு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டுக்கும் இல்லை. அஞ்சிய எலி சுவரை விட்டு வெளியே வருவதில்லை.

2005இல் மற்றொன்றும் புலனாயிற்று. ஒரே ஒரு நாள், இரண்டு மணி நேரம் மட்டும் கட்டிவைக்கப்பட்ட எலிகளில் மறுநாள் யாதொரு மாற்றமும் இல்லை. பத்தாம் நாள் பார்த்தால் அமிக்டலாவின் கிளைகளில் முட்கள் பெருகியிருந்தன. எலிகள் சுவரோரம் ஒதுங்கின. எந்தக் கேடும் விளையவில்லை என்று கணக்கை மூடிய பிறகே கேடு முளைத்தது.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது எளிதன்று. உவமையில் வல்ல கவிஞர்க்கு அத்தாவலில் ஆசை மிகும். அதனாலேயே கவனமும் மிக வேண்டும். எலிக்குச் சொந்த ஊர் என்றும் இறந்த பிள்ளை என்றும் நினைவுகள் உண்டெனச் சொல்ல இயலாது. எனினும் பேரிடருக்குப் பின் உடனே தோன்றாமல் நாட்கழித்துத் தலைகாட்டும் அச்சத்தை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். திட்டக்குடியைத் தழுவி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அக்கடல் 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் எம்.ஜி.ஆர். திட்டிலும் ஏறி வந்தது. கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலை நின்றது சில நிமிடங்களே. இழந்த படகும் வலையும் வீடும் கணக்கிடப்பட்டன. கடல் அமைதியான பின்னரும் அதன் இரைச்சலுக்குத் துணுக்குற்று எழுபவனை அன்று கோழை என்று எவரேனும் ஏசியிருந்தால், அவர் அவனுடைய உறுதியை அளந்தாரேயன்றி அவன் உடம்பு பட்டதை அறிந்தாரில்லை. இவ்வாய்வினால் பொது வாழ்வுக்கு விளைந்த நன்மை ஒன்று உண்டென்றால், அச்சத்தைக் குணக்கேடாகக் கொள்ளும் பழக்கத்தை அது அசைத்ததே.

முள் முளைக்கப் பத்து நாட்கள் ஆகின்றன என்றால், அவ்விடைவெளி மருத்துவத்துக்கும் ஒரு வாய்ப்பன்றோ? இவ்வழியில் அக்குழு மேலும் ஆராய்ந்து 2012இல் எதிர்பாராத ஒன்றை வெளியிட்டது. கட்டிவைக்கும் முன் மருந்தில்லா வெற்று ஊசி ஒன்று போடப்பட்ட எலிகளில், பத்தாம் நாளின் அச்சம் தணிந்தே காணப்பட்டது. ஊசிக் குத்தலால் அழுத்த காலத்துச் சுரப்புநீர் சற்றே உயர்ந்திருந்தது; அச்சிற்றுயர்வே பின்வந்த பெருந்துன்பத்துக்குக் காப்பாக நின்றது. ஐயம் தீர, அச்சுரப்புநீரைக் குடிநீரிலேயே முன்னதாகக் கலந்து கொடுத்தும் பார்த்தனர். அப்போதும் பத்தாம் நாளில் முட்கள் பெருகவில்லை; எலிகள் சுவரில்லாத பலகையின்மேல் நடந்து வந்தன.