சுட்ட ரோல்ஸா, சுடாத ரோல்ஸா?

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளுக்கும், விடியற்காலையிலேயே லூயிஷாம் சிவன் கோவிலில் அர்ச்சனை முடித்துவிட்டு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட அம்மா அப்பாமாருக்கும் வணக்கம்.

வரி வேலை பார்ப்பவளை மேடையேற்றினால் அளவில்லாத வரிக்கு உவமையாக வயலை மிதித்த பிசிராந்தையாரின் யானையும் கூடவே ஏறிவிடும் என்று சிலர் பயந்திருப்பீர்கள். 2019இல் அந்த யானை டெல்லி நாடாளுமன்றம் வரை போய் பட்ஜெட் உரைக்குள் நின்றது. பாவம், களைத்திருக்கும். இன்று அதற்கு லீவு. நான் ரோல்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2013 கோடை. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. இங்கே பக்கத்தில் ஒரு சின்னக் கணக்காளர் அலுவலகத்தில் எனக்கு ஆறு வார இன்டர்ன்ஷிப். இரண்டாம் வாரம் ஒரு தமிழ்க் கடையின் வாட் கணக்கு என் மேசைக்கு வந்தது. விற்பனைப் பட்டியலில் 'உணவு' என்று ஒரே தலைப்பு. உணவுக்கு வாட் பூச்சியம் என்று புத்தகத்தில் படித்தவள் நான். மொத்தத்தையும் பூச்சியத்தில் போட்டு, மத்தியானத்துக்கு முன்பே முடித்து, பெருமையோடு மேனேஜரிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "கடையைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

போனேன். பத்து நிமிட நடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே மஞ்சள் பல்ப், அதன் கீழே வரிசையாக மட்டன் ரோல்ஸ். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கீழ்த்தட்டில், பல்ப் இல்லாத இடத்தில், நேற்றைய பற்றிஸும் கடலை வடையும். அவ்வளவுதான் விஷயம். என் கணக்கு பிழை.

இங்கே பிரிட்டனில் வாங்கிக்கொண்டு போகும் உணவு ஆறியிருந்தால் பெரும்பாலும் வாட் இல்லை. சூடாக இருந்தால் 20 சதவீதம். சூடு என்றால் எது என்பதிலும் சண்டை வந்ததால், 2012 அக்டோபர் 1 முதல் ஐந்து சோதனைகள் வைத்திருக்கிறார்கள். சூடாகச் சாப்பிடவென்றே சூடாக்கினீர்களா, கேட்டபிறகு சூடாக்கிக் கொடுத்தீர்களா, சூடாக்கியதைச் சூடு ஆறாமல் வைத்திருந்தீர்களா, சூடு தங்கும் பொதியில் கட்டிக் கொடுத்தீர்களா, 'சுடச்சுட' என்று போர்டு போட்டீர்களா? கொடுக்கும் நேரத்தில் உணவு சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்து, இந்த ஐந்தில் ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும் வரி விழும். 'சுட்ட பழமா, சுடாத பழமா' என்று கேட்டு நாவல் மரத்தடியில் ஔவையாரை மடக்கிய சிறுவன் இன்று இருந்தால் அவனுக்கு வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யில் நல்ல வேலை கிடைக்கும்.

கடைக்கார அண்ணை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை, சூடாக் குடுத்தா வரி, ஆறவிட்டுக் குடுத்தா வரி இல்லையோ? அப்ப நல்லாச் சமைக்கிறவனுக்குத்தான் தண்டமோ?" என்றார். பதில் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியாது. ஆனால் அன்று ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியின் முன்னால் நின்று, எது மேலே இருந்து போகிறது, எது கீழே இருந்து போகிறது என்று எண்ணினேன். ஆறாம் வாரம் வேலைக் கடிதம் தந்தார்கள். அப்பம்மா அதைச் சாமி அறையில் வைத்துவிட்டு, "டாக்ஸோ, டாக்ஸியோ?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டா.

உங்களில் சிலரிடம் அந்தக் கடிதம் இப்போதே இருக்கிறது. செப்டெம்பரில் லூயிஷாமில் டி.எல்.ஆர். ரயில் ஏறி, கிரீனிச் தாண்டி, ஆற்றுக்கு அடியால் போய் கேனரி வார்ஃபில் இறங்குவீர்கள். இன்டர்ன்ஷிப் செய்தும் கடிதம் வராதவர்களும் இங்கே உண்டு. அந்த ஆறு வாரத்தில் நீங்கள் பார்த்ததை யாரும் திருப்பி வாங்கவில்லை. அடுத்த நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

வேலை தொடங்கியதும் சி.டி.ஏ. என்ற வரி ஆலோசகர் தகுதிக்கோ ஏ.சி.ஏ. என்ற கணக்காளர் தகுதிக்கோ படிக்கச் சொல்வார்கள். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று மூன்று வருடம் ஓடும். நேரடி வரிக்கு மஞ்சள், வாட் போன்ற மறைமுக வரிக்கு ஆரஞ்சு என்று சட்டத் தொகுதிகள் மேசைக்கு வரும். தலையணைக்கு ஆகாத உயரம். அவற்றைப் புரட்டப் பழகுங்கள், மனப்பாடம் வேண்டாம்.

ஏனென்றால் சட்டம் ஒரு வரியில் நிற்கும். பொருள் வேறு எங்கோ நிற்கும். 2024இல் தீர்ப்பு வந்த ஒரு வழக்கில் வாக்கர்ஸ் கம்பெனி தன் 'சென்சேஷன்ஸ் பாப்படம்ஸ்' பொட்டலத்துக்கு வாட் கூடாது என்று தீர்ப்பாயத்தில் வாதாடியது. கிரிஸ்ப்ஸுக்குத்தான் வாட் உண்டு, இது அப்பளம்தானே என்பது வாதம். தீர்ப்பாயம் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தது. உருளைக்கிழங்குத் துகள், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், பையிலிருந்து எடுத்து அப்படியே கொறிப்பது. இது கிரிஸ்ப்ஸ் வகை, 20 சதவீதம் என்று முடித்தது. பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது, ஹூலா ஹூப்ஸை யாரும் இடுப்பில் சுழற்றுவதில்லை என்று தீர்ப்பிலேயே கேலி செய்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பொரிக்காத உளுந்து அப்பளம் பூச்சியத்தில் பத்திரமாக இருக்கிறது, அம்மாமார் கவலைப்பட வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை வரி வேலையில் சேர்ந்த செய்தி பரவினால், ஜனவரி 30ஆம் தேதி இரவு யாராவது ஒரு மாமா டெஸ்கோ பையில் ரசீதுகளோடு வருவார். அடுத்த நாள்தான் வருமான வரிக் கணக்கு கொடுக்கக் கடைசி நாள், தவறினால் வரி பாக்கி இல்லாவிட்டாலும் 100 பவுண்ட் அபராதம். பிள்ளையைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து அந்தப் பையைக் கொட்டாதீர்கள். பல நிறுவனங்கள் அதை அனுமதிப்பதில்லை, பிழை வந்தால் பிள்ளையின் தலை உருளும். மாமாவின் வருமானம் குறைவென்றால் டாக்ஸ்எய்ட் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, நவம்பரிலேயே அங்கே அனுப்பி வையுங்கள்.

பேச்சு நீண்டுவிட்டது. வெளியே உங்களுக்காக வைத்திருக்கும் ரோல்ஸ் அதே அண்ணையின் கடையிலிருந்து வந்தவை. காலையில் எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, நீர் பேசி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போகும். அப்ப வாட் இல்லைத்தானே?" என்றார். தட்டும் கரண்டியும் பரிமாற இரண்டு பெடியளும் அனுப்புகிறீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார். அப்படியென்றால் அது கேட்டரிங் அண்ணை, ஐஸ் போல ஆறினாலும் 20 சதவீதம்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அப்ப பெட்டியில வைச்சுச் சூடாவே கொண்டு வாறன்" என்றார்.

போய்ச் சாப்பிடுங்கள்.