இரண்டாவது ஸ்கேனைத் தவற விடாதீர்கள்

(சூலகக் கட்டி பற்றி, பல்லேகமயில் தோட்டத் தாய்மார் மத்தியில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப் போவது பெண்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயம். "அடிவயித்துல கட்டி இருக்காம், ஸ்கேன்ல தெரிஞ்சுச்சாம்" என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் தாய்மாரை லயங்களில் அடிக்கடி சந்திக்கிறோம். சிலர் அன்றே அதைக் கேன்சர் என்று முடிவுகட்டி அழுகிறார்கள். வேறு சிலர் "வலி ஒண்ணும் இல்லையே" என்று ரிப்போர்ட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

சூலகம் என்பது என்ன?

கருப்பைக்கு இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக, சின்னப் பாக்கு அளவில் இரண்டு சூலகங்கள் இருக்கின்றன. மாதவிடாய் வரும் வயதில் மாதந்தோறும் அதில் ஒரு நீர்ப்பை வளர்ந்து, வெடித்து, முட்டை வெளியே வருகிறது. சில மாதங்களில் அந்தப் பை வெடிக்காமல் நீர் கோத்து நின்றுவிடும். மெல்லிய தோலும் உள்ளே தெளிந்த நீரும் மட்டும் இருந்தால் அது சாதாரண நீர்க்கட்டி. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 5 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட இப்படியான கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும். மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

கலப்புக் கட்டி என்றால்?

ஸ்கேனில் உள்ளே தெளிந்த நீர் மட்டும் இல்லாமல் இரத்தக் கட்டியோ, குறுக்குத் தடுப்புகளோ, சதைப் பகுதியோ தெரிந்தால் அதைக் கலப்புக் கட்டி என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டவுடனே பயந்துவிடக் கூடாது. இதிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

முதலாவது, நீர்ப்பைக்குள் இரத்தம் கசிந்த கட்டி. இது பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். இரண்டாவது, கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு சூலகத்தில் வளர்ந்து, பழைய இரத்தம் சொக்கலேற் நிறத்தில் தேங்கிய கட்டி. மாதவிடாய் நாளில் கடும் வலியும் பிள்ளைப்பேறு தாமதமாவதும் இதனால் வரலாம். மூன்றாவது, உள்ளே கொழுப்பும் முடியும் சில வேளை பல்லும் இருக்கும் கட்டி. இதைச் செய்வினை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். முட்டைக்குரிய உயிரணு ஒன்று தவறாக வளர்வதால் வருவது அது. நான்காவதாகத்தான் புற்றுநோய் வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தச் சந்தேகம் கூடுகிறது.

எது என்று எப்படித் தெரியும்?

ஒரே தடவை பார்த்து எப்போதும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் டொக்டர் "மறுபடியும் வாங்க" என்கிறார். இரத்தக் கட்டி என்று நினைத்தால் 6 முதல் 12 வாரத்துக்குள் மறு ஸ்கேன் எடுப்பது வழக்கம். மாதவிடாய் முடிந்த கையோடு எடுத்தால் தெளிவாகத் தெரியும். முதல் ரிப்போர்ட்டில் 6 சென்ரிமீற்றர் இருந்தது அடுத்ததில் 3 ஆனால் நிம்மதி. அப்படியே நின்றாலோ, வளர்ந்தாலோ, உள்ளே சதை கூடினாலோ அடுத்த நடவடிக்கை எடுக்க வேண்டும். கட்டி மாறுகிறதா என்பதை அறிய இரண்டு ஸ்கேனும் வேண்டும். இரண்டாவதைத் தவறவிட்டால் முதலாவதாலும் பிரயோசனம் குறைவு.

மாதவிடாய் நின்றவருக்குச் சிறிய கட்டியானாலும் டொக்டர் அசட்டையாக விடமாட்டார். சீ.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார். ஸ்கேனில் கண்டது, மாதவிடாய் நின்றதா இல்லையா என்பது, இந்த இரத்த அளவு ஆகிய மூன்றையும் பெருக்கி ஆபத்தைக் கணக்கிடும் முறை 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியானது. அந்தக் கணக்கு கூடுதலாக வந்தால் புற்றுநோய் வைத்தியரிடம் அனுப்புவது வழக்கம். ஆனால் இரத்த அளவு மட்டும் கூடியதால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மாதவிடாய், கர்ப்பம், கருப்பைத் தசைக்கட்டி, காசநோய் இவற்றாலும் அது கூடும்.

"அப்படின்னா நாங்க எல்லாரும் வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணுமா?" என்று கேட்பீர்கள். தேவையில்லை. இங்கிலாந்தில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வந்தது. நோய்க்குறி இல்லாத எல்லோரையும் இப்படிப் பரிசோதித்ததால் சூலகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. ஆனால் நோய்க்குறி உள்ளவரும், கட்டி இருப்பதாகத் தெரிந்தவரும், தாய்க்கோ சகோதரிக்கோ சூலக அல்லது மார்பகப் புற்றுநோய் வந்தவரும் டொக்டரிடம் போகத்தான் வேண்டும்.

தூரத்துக்கு அஞ்சாத ஒரு தாய்

"மாத்தளைக்குப் போக நாளே போயிடுது, பேரும் போயிடுது" என்கிறீர்கள். உண்மைதான். இங்கிருந்து இலுக்கும்புர, ரிவர்ஸ்டன், ரத்தோட்டை என்று மலை ஏறி இறங்க வேண்டும். இதைக் கேட்கும்போது அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஜேன் கிராபோர்ட் என்ற தாயின் கதை நினைவுக்கு வருகிறது. 1809இல் வயிறு பெருத்து, பிள்ளை என்று நம்பியிருந்தார். எப்ரேம் மெக்டவல் என்ற டொக்டர் பார்த்து, அது சூலகக் கட்டி என்றார். அந்தத் தாய் சுமார் 60 மைல் குதிரையில் போய் ஒப்பரேஷன் செய்துகொண்டார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. எடுத்த கட்டியின் எடை ஏறத்தாழ 10 கிலோ. ஒரு மாதத்துக்குள் வீடு திரும்பி, மேலும் 32 வருடம் வாழ்ந்து 1842இல் காலமானார்.

இன்று நமக்கு மயக்க மருந்து இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். பல கட்டிகளைச் சிறு துளை வழியாகவே எடுத்துவிடலாம். ஒரு சூலகத்தை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் மாதவிடாயும் வரும், பிள்ளையும் பிறக்கும்.

உடனே போக வேண்டிய நேரம்

ஒரு பக்கம் அடிவயிறு திடீரென்று தாங்க முடியாமல் வலித்து, வாந்தியும் வந்தால் கட்டியோடு சூலகம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். தலைசுற்றி மயக்கம் வந்தால் கட்டி வெடித்து உள்ளே இரத்தம் போகலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வயிறு ஊதி ஊதி நிற்பது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் வருவது, அடிவயிற்று வலி, இவை புதிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் நீடித்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் பட்டால் ஒரு தடவையானாலும் காட்ட வேண்டும்.

எண்ணெய் போட்டு வயிற்றைப் பிசைவதால் கட்டி கரையாது. கசாயத்தாலும் கரையாது. கர்ப்பத்தடை மாத்திரை கூட இருக்கும் கட்டியைச் சீக்கிரம் கரைப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

நாம் செய்யக் கூடியவை

ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை எல்லாம் கிளினிக் கொப்பியோடு ஒரே பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள். முதல் ரிப்போர்ட் இல்லாமல் இரண்டாவதை ஒப்பிட முடியாது. அது இங்கிலீசில் இருந்தால் வெட்கப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள். "எந்தப் பக்கம்? எத்தனை சென்ரிமீற்றர்? உள்ளே சதை இருக்கா? அடுத்த ஸ்கேன் எப்போ?" பதிலைப் படித்த பிள்ளையைக் கொண்டு கொப்பியில் தமிழில் எழுதி வையுங்கள். தேதியைச் சுவர்க் கலண்டரில் வட்டம் போடுங்கள். தோட்ட மருத்துவமாதுவிடமும் சொல்லி வையுங்கள்.

ஐயாமாரே, தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தேதியில் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரியை அனுப்பி வையுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். ஒரு நாள் பேர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம். சூலகத்தோடு மட்டும் நிற்கும்போதே கண்டுபிடித்த புற்றுநோயிலிருந்து பெரும்பாலான பெண்கள் பிழைத்துவிடுகிறார்கள். பரவிய பின் அது மிகக் கடினம்.

வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் ஏதும் இருந்தால், மறு தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டியிருந்தாலும் பரவாயில்லை. அதை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள்.